ஆளை எண்ணும் முன் பெட்டியை எண்ணுங்கள்: மரினா பே கப்பல் நிலையத்துக்குக் குழுவாகப் போக எந்த வண்டி?

சிங்கப்பூரில் 13 இருக்கை வேன் என்றால் 13 பேர் உட்காரலாம். சட்டப்படி அது சரிதான். 13 பேரும் ஆளுக்கொரு பெரிய பெட்டியோடு வந்து நின்றால் பாதிப் பெட்டி வேனுக்கு வெளியேதான் இருக்கும். ஓட்டுநர் கையைப் பிசைவார், குழுத் தலைவர் இன்னொரு டாக்சி தேடி ஓடுவார். உல்லாசக் கப்பல் ஏறப் போகும் குழுக்களுக்கு நேரும் பாதிச் சிக்கல் இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது. அதனால் விலையை வைத்து மட்டும் வண்டிகளை மதிப்பிடாமல், பெட்டியோடு எத்தனை பேர் நிம்மதியாகப் போகலாம், திரும்பும் நாளில் எது கைகொடுக்கும் என்ற இரண்டையும் வைத்துப் பார்த்திருக்கிறோம்.

வண்டிக்கு முன், இடம். சிங்கப்பூரில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் நிலையங்கள் இரண்டு. ஒன்று 2012இல் திறந்த மரினா பே உல்லாசக் கப்பல் நிலையம். முகவரி 61, மரினா கோஸ்டல் டிரைவ், அஞ்சல் குறியீடு 018947. மற்றொன்று விவோசிட்டி கடைத்தொகுதியை ஒட்டிய ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். இரண்டுக்கும் இடையே கால் மணி நேரப் பயணம். "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொல்லி ஏறினால், ஓட்டுநர் தம் மனத்தில் எது முதலில் வருகிறதோ அங்கே கொண்டுபோய் விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இந்தோனேசியாவின் பாத்தாம், பிந்தான் தீவுகளுக்குப் போகும் படகுகள் கிளம்பும் தானா மேரா படகுத்துறை இன்னொரு மூலையில், விமான நிலையத்துப் பக்கம் இருக்கிறது.

மரினா பே பக்கத்திலேயே பெயர்க் குழப்பம் வேறு. மரினா பே எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம், மரினா சவுத் பியர் எம்ஆர்டி, மரினா சவுத் பியர் படகுத்துறை, மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல், எல்லாம் வெவ்வேறு இடங்கள். குசுத் தீவுக்குப் படகு போகும் துறையில் இறக்கிவிட்டால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி அஞ்சல் குறியீடு உண்டு என்பதால் 018947 என்ற ஆறு இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாக் குழப்பமும் தீர்ந்தது. பயணச்சீட்டில் இருக்கும் நிலையத்தின் பெயரையும் கப்பலின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கப்பல் பெயரைக் கேட்டாலே பழகிய ஓட்டுநர்கள் இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து இந்த நிலையத்துக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ஈசிபி விரைவுச்சாலையில் வந்து மரினா கரையோர விரைவுச்சாலையில் சேரலாம். 2013 கடைசியில் திறந்த அந்தச் சாலையின் ஒரு பகுதி கடலுக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. நெரிசல் இல்லாவிட்டால் 25 நிமிடம். காலை அலுவலக நேரத்தில் 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்களுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும்.

இனி வண்டிகள்.

சாதாரண டாக்சியில் அதிகபட்சம் 4 பயணிகள். பின்புறத்தில் 28 அங்குலப் பெட்டி இரண்டும் கைப்பெட்டி இரண்டும் வைத்தால் நிறைந்துவிடும். கப்பல் பயணத்துக்கு டாக்சி ஒன்றுக்கு 3 பேர் என்றே கணக்குப் போடுங்கள். 12 பேர் என்றால் 4 டாக்சி. விமான நிலையத்திலிருந்து கூடுதல் கட்டணமும் சாலைக் கட்டணமும் சேர்த்து ஏறக்குறைய 25 முதல் 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணிக்கு முன்புவரை மீட்டர் தொகையில் 50 விழுக்காடு கூடும். தமிழ்நாட்டு விமானங்களில் பல விடியற்காலை இறங்குபவை என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஆறேழு பேர் வரை டாக்சி நல்ல வழி. அதற்கு மேல் போனால் குழு சிதறும்: ஒரு வண்டி முன்னால் போய்விடும், ஒன்று வழிமாறும், எல்லாக் கடவுச்சீட்டும் வைத்திருக்கும் மாமா மூன்றாவது வண்டியில் இருப்பார்.

கிராப் செயலியில் 6 இருக்கை வண்டி கிடைக்கும். 6 பேர் உட்கார்ந்தால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் கைப்பை வைக்கத்தான் இடமிருக்கும். மூன்றாவது வரிசையை மடக்கி, 4 பேரும் 4 பெரிய பெட்டியுமாகப் போனால் அருமையான வண்டி. கப்பல் கிளம்பும் நாளின் நெரிசல் நேரத்தில் விலை ஏறி இறங்கும் என்பதுதான் குறை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளைத் தகுந்த குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும். டாக்சிக்கு இந்த விதியில் விலக்கு உண்டு, கிராப் போன்ற தனியார் வாடகைக் காருக்கு இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் ஓட்டுநர் மறுப்பார், மறுப்பதுதான் சரி.

மேக்சி கேப் என்று சிங்கப்பூரில் சொல்லப்படும் 7 இருக்கை வண்டிதான் நடுத்தரக் குடும்பக் குழுவுக்கு எங்கள் முதல் தேர்வு. கூரை உயரம், பக்கவாட்டில் நகரும் கதவு, பின்னால் நிஜமான சாமான் இடம். 6 பேரும் 6 பெரிய பெட்டியும் போகலாம். ஏழாவது ஆளுக்கு இடமிருந்தாலும் ஏழாவது பெட்டிக்கு இருக்காது. மடிக்கும் சக்கர நாற்காலி இரண்டு பெட்டி இடத்தைத் தின்றுவிடும். தாத்தா பாட்டி யாராவது நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி ஏற வேண்டும் என்றால் சாய்வுப் பலகை உள்ள மேக்சி கேப் தேவை என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். எல்லா வண்டியிலும் அது இருக்காது. சாங்கியில் வருகைக் கூடத்தில் உள்ள தரைப் போக்குவரத்து முகப்பில் முன்பதிவு இல்லாமலும் இது கிடைக்கும்; ஆனால் இரண்டு மூன்று வண்டி ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் முன்பே சொல்லிவைப்பதே நல்லது.

அடுத்து, சிறு பேருந்து. ஏமாறுவது இங்கேதான்.

13 இருக்கை டொயோட்டா ஹையேஸ் வேனில் எல்லா இருக்கையும் போட்டபின் பின்கதவுக்கும் கடைசி வரிசைக்கும் இடையே கைப்பெட்டிகளை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். பெரிய பெட்டிகளோடு 8 அல்லது 9 பேருக்கு இது சரியான வண்டி. 19, 23 இருக்கைப் பேருந்துகள் பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் கோச் என்னும் பெரிய சுற்றுலாப் பேருந்தில் இருப்பதுபோல் தரைக்கு அடியில் சாமான் அறை அவற்றில் இருக்காது. பெட்டிகள் கடைசி இருக்கைகள் மேலும் நடைவழியிலும் ஏறும். நடைவழியில் பெட்டி அடுக்குவது ஆபத்து, திடீரென்று பிரேக் போட்டால் முன்வரிசையில் இருப்பவர் முதுகில் வந்து இடிக்கும். எங்கள் கணக்கு: 23 இருக்கை வண்டிக்குப் பெட்டியோடு 14 அல்லது 15 பேர். இருக்கையில் மூன்றில் ஒரு பங்கைப் பெட்டிக்கு ஒதுக்கிவிடுங்கள். வண்டி நிறுவனம் "23 பேரா? தாராளமாகப் போகலாம்" என்றால், "23 பெரிய பெட்டியோடா?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் மாறும்.

16இலிருந்து 22 பேர் வரை உள்ள குழுக்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 23 இருக்கைப் பேருந்தில் ஆட்கள், கூடவே ஒரு மேக்சி கேப் அல்லது சாமான் வேனில் பெட்டிகள். மற்றொன்று நேரே 40 இருக்கைக் கோச். விலையைக் கேட்டுப் பார்த்தால் பல நேரம் இரண்டும் பக்கத்தில் வரும். அப்படி வந்தால் கோச்சைப் பிடியுங்கள்; சாமானும் ஆளும் ஒரே வண்டியில் இருப்பதன் நிம்மதிக்கு விலை இல்லை. 40 முதல் 45 இருக்கைக் கோச்சின் வயிற்றில் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி தாராளமாகப் போகும். குறை, படி உயரம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருக்கும். லிட்டில் இந்தியாவின் குறுகிய தெருக்களில் ஹோட்டல் வாசலுக்குக் கோச் வராது. சிராங்கூன் சாலையில் எங்கே நிற்க முடியும் என்பதை ஓட்டுநரிடம் முந்தைய நாளே கேட்டு, குழுவை அந்த இடத்துக்கு 15 நிமிடம் முன்னதாக நடத்திக் கொண்டுவர வேண்டும். அங்கே கோச் காத்து நிற்க முடியாது, ஏற்றிக்கொண்டு நகர்ந்தாக வேண்டும்.

எம்ஆர்டி? சாங்கியிலிருந்து தானா மேராவில் மாறி, சிட்டி ஹால் அல்லது ராஃபிள்ஸ் பிளேஸில் சிவப்புத் தடத்துக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கலாம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், பிறகு பத்து நிமிட நடை. சில வெள்ளியில் முடியும். கைப்பெட்டி மட்டும் வைத்திருக்கும் இளைஞர் குழுவுக்கு இதைவிட நல்லது இல்லை. பாட்டியும் பெரிய பெட்டியும் இருந்தால் நினைக்க வேண்டாம். காலை அலுவலக நேரத்தில் பெட்டியோடு நகர மைய நிலையங்களில் மாறுவது மற்றவர்களுக்கும் தொல்லை.

கப்பல் நிறுவனங்கள் தாமே விற்கும் போக்குவரத்தையும் சொல்லிவிடலாம். தலைக்கு இவ்வளவு என்று விலை. தனியாக வரும் தம்பதிக்குச் சரி. 10 பேருக்குத் தலைக்கணக்கைப் பெருக்கிப் பாருங்கள், பெரும்பாலும் தனி வண்டியைத் தாண்டிப் போகும். வண்டி நிறையும்வரை காத்திருக்கவும் நேரலாம்.

ஜொகூர் பாருவிலிருந்து வரும் மலேசியத் தமிழ்க் குழுக்களுக்குத் தனிக் கணக்கு. கோச்சில் வந்தாலும் இரு பக்கச் சோதனைச் சாவடியிலும் எல்லாரும் பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் 3 மணி நேரமாவது கூடுதலாக வையுங்கள். உட்லண்ட்ஸ் பாலத்துக்குப் பதிலாகத் துவாஸ் வழியாகவும் வரலாம். எந்தப் பக்கம் நெரிசல் குறைவு என்று அன்று காலை பார்த்து முடிவு செய்யும் ஓட்டுநரைப் பிடியுங்கள். அந்த வண்டிக்கு எல்லை தாண்டிப் பயணிகளை ஏற்றும் உரிமம் இருக்கிறதா என்று கேட்பது முக்கியம். உரிமம் இல்லாத மலேசியப் பதிவு வண்டிகளைச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் பறிமுதல் செய்கிறது. அப்படி நடந்தால் குழு சாலையோரத்தில், கப்பல் கடலில்.

பதிவு செய்யும்போது வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய செய்தி இந்த மாதிரி இருக்கட்டும்: "வெள்ளிக்கிழமை, காலை 11 மணி. ஹோட்டலிலிருந்து மரினா பே உல்லாசக் கப்பல் நிலையம், 018947. கப்பலின் பெயர் இது. பெரியவர் 11, குழந்தை 3, அதில் 1.35 மீட்டருக்குக் கீழ் 2. பெரிய பெட்டி 10, கைப்பெட்டி 12, மடிக்கும் சக்கர நாற்காலி 1. சாலைக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்த மொத்த விலை என்ன? இலவசமாக எத்தனை நிமிடம் காத்திருப்பீர்கள், அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் எவ்வளவு?" ஜிஎஸ்டி இப்போது 9 விழுக்காடு, சேர்த்தா சேர்க்காமலா என்பது கோச் வாடகையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். பதிலில் ஓட்டுநரின் எண்ணும் வண்டிப் பதிவெண்ணும் எப்போது வரும் என்றும் கேட்டு வாங்குங்கள். முந்தைய நாள் மாலைக்குள் வராவிட்டால் கவலைப்பட ஆரம்பிக்கலாம்.

ஏறும் நாளில் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். பல கப்பல்கள் கிளம்புவதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகள் பதிவை மூடிவிடும். உங்கள் சீட்டில் எழுதியிருப்பதே இறுதி. அதோடு ஒவ்வொரு அறைக்கும் வருகை நேரம் ஒதுக்கியிருப்பார்கள். 8 அறை எடுத்த குழு ஆளுக்கொரு நேரம் தேர்ந்திருந்தால், ஒரே கோச்சில் வந்தும் பாதிப் பேர் வெளியே நிற்க நேரும். இணையப் பதிவு திறந்ததும் ஒருவரே உட்கார்ந்து எல்லா அறைக்கும் ஒரே நேரம் எடுங்கள். ஒதுக்கிய நேரத்துக்கு 10, 15 நிமிடம் முன்னால் வந்தால் போதும். இரண்டு மணி நேரம் முன்னால் வந்து சாதிப்பது ஒன்றுமில்லை, உட்கார இருக்கை தேடுவதைத் தவிர.

பெட்டியில் கட்டும் கப்பல் அட்டையை ஹோட்டலிலேயே ஒட்டிவிடுங்கள். நிலையத்தில் இறங்கியதும் சுமைப் பணியாளர்கள் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது மாலைதான் அறை வாசலுக்கு வரும். கடவுச்சீட்டு, மருந்து, கண்ணாடி, குழந்தைக்கு மாற்றுடை எல்லாம் கைப்பையில். கடவுச்சீட்டைப் பெரிய பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டால் அதை மீட்க ஒரு மணி நேரம் போகும். இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், சின்ன அரிசிக் குக்கர் மூன்றையும் வீட்டிலேயே விடுங்கள். கப்பலில் தீ பயம். கதிர்ப் பரிசோதனையில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள், திரும்பும் நாளில் தனி முகப்பில் வரிசையில் நின்று வாங்க வேண்டும். கோச் அந்த ஒருவருக்காகக் காத்திருக்கும்.

போவதைவிடத் திரும்புவதுதான் கடினம். போகும்போது குழு கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். திரும்பும்போது 3,000, 4,000 பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்குவார்கள். தொடக்கத்தில் 6,800 பேரைக் கையாளும்படி கட்டிய நிலையம் இது. இரண்டு கப்பல் சேர்ந்து நின்றால் டாக்சி வரிசை நீளும், செயலியில் விலை ஏறும். எந்த நாளில் எத்தனை கப்பல் என்பது நிலையத்தின் இணையப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு நிற்கும் நாளில் முன்பதிவு வண்டி இல்லாமல் இறங்காதீர்கள்.

வண்டியைக் கப்பல் வந்து நிற்கும் நேரத்துக்குச் சொல்வதுதான் பலர் செய்யும் தவறு. 7 மணிக்குக் கப்பல் கட்டினால் இறக்கம் தொடங்கவே அரை மணி, ஒரு மணி ஆகும். முந்தைய இரவு பெட்டியை அறை வாசலில் வைத்தவர்கள் தங்கள் அட்டையின் நிறத்தையோ எண்ணையோ கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு குடிநுழைவு, பெட்டிக் கூடம், சுங்கம். பெட்டியைத் தாமே தூக்கிவருபவர்கள் முதலில் இறங்கலாம். பெரியவர்கள் உள்ள குழுவுக்கு அது ஒத்துவராது. 7 மணிக் கப்பலுக்கு 9.30 மணி வண்டி என்பது எங்கள் கணக்கு. விமானம் பிற்பகல் 2 மணிக்கு முன்னால் இருக்கக் கூடாது. 12 மணி விமானம் பிடித்தவர்களும் உண்டு. அதை நம்பி 20 பேருக்குச் சீட்டு எடுக்கக் கூடாது.

குழுவைத் தடுத்து நிறுத்தும் இன்னொரு சங்கதி சிங்கப்பூர் வருகை அட்டை என்ற இணையப் படிவம். விமானத்தில் வந்தபோது ஒருமுறை நிரப்பியது போதாது. கப்பலில் திரும்பி நுழையும்போது மறுபடி நிரப்ப வேண்டும், சிங்கப்பூர்வாசிகளும்தான். வந்து சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்பலாம். வெள்ளி ஏறி ஞாயிறு திரும்பும் இரண்டு இரவுப் பயணம் என்றால் வெள்ளியன்று கரையிலேயே முடித்துவிடலாம். திங்கள் திரும்பும் மூன்று இரவுப் பயணத்துக்குச் சனிக்கிழமையிலிருந்துதான் நிரப்ப முடியும். அப்போது கடலில் இருப்பீர்கள், கப்பல் வைஃபைக்குத் தனிக் காசு. பினாங்கு, புக்கெட் போன்ற துறையில் இறங்கும் நாளில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைத்ததும் குழுவில் விவரம் தெரிந்த ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து நிரப்பிவிடட்டும். இல்லையென்றால் குடிநுழைவு வரிசைக்கு முன்னால் பத்துப் பேர் கைப்பேசியோடு மல்லுக்கட்டுவதைக் கோச் ஓட்டுநர் அரை மணிக்கு ஒருமுறை காசாக மாற்றிக்கொண்டிருப்பார். சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிவிலக்கு அளவே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் அறிவிக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்தால் மதுவுக்கும் விலக்கு இல்லை. சுங்கத்தில் ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்பார்கள்.

இரவு விமானம் உள்ள குழுக்களுக்கு ஒரு யோசனை: ஒருவழிப் பயணத்துக்குப் பதில் கோச்சை மணிக்கணக்கில் எடுங்கள். குறைந்தபட்சம் 3 அல்லது 4 மணி நேரம் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். 9.30க்கு ஏறி, பெட்டிகள் கோச்சின் வயிற்றிலேயே இருக்க, சிராங்கூன் சாலையில் சாப்பிட்டு, பிற்பகலில் சாங்கியில் இறங்கலாம். மீதி நேரத்துக்குச் சாங்கியில் பெட்டி வைக்கும் இடம் இருக்கிறது. காத்திருக்கும் வேளையில் ஓட்டுநர் வண்டியை வேறிடத்தில் நிறுத்தப் போவார் என்பதால் கடவுச்சீட்டும் பணமும் வண்டியில் இருக்கக் கூடாது. எத்தனை மணிக்கு, எந்த முனையம் என்பதை இறங்கும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரே குழு இரண்டு விமானத்தில் போனால் முனையங்கள் மாறலாம். 1, 2, 3 முனையங்களுக்கு இடையே ஸ்கைடிரெயின் உண்டு. 4ஆம் முனையத்துக்குப் பேருந்துதான், எனவே அங்கே போகிறவர்களைக் கோச்சிலேயே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.